தாலி ஏறிய பின் ஒரு பத்திரம்

கணவனும் மனைவியும் பணம், சொத்து பற்றித் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் உடன்பாட்டை நம் சட்டம் ஒரு சமயத்தில்தான் முழுமனதோடு ஏற்கிறது: அவர்கள் பிரியும்போது. 1976இல் இந்து திருமணச் சட்டத்தில் சேர்ந்த 13பி பிரிவின்படி பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு வருகிற தம்பதி, வீடு யாருக்கு, நகை யாருக்கு, ஜீவனாம்சத்துக்குப் பதிலாக மொத்தமாக எவ்வளவு என்று சமரச மையத்தில் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டால், குடும்ப நல நீதிமன்றம் அதை ஏற்றுத் தீர்ப்பில் சேர்த்துவிடுகிறது. அதே இருவர் பத்து வருடத்துக்கு முன்பு, ஒற்றுமையாக இருந்த காலத்தில், அதே விஷயங்களைப் பேசி எழுதி வைத்திருந்தால் அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு? வக்கீலிடம் கேட்டால் முதலில் ஒரு தயக்கம் வரும். அப்புறம் ‘பொதுக் கொள்கைக்கு விரோதம்’ என்ற சொற்றொடர் வரும். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அது. சொந்தபந்தத்திடம் கேட்டால் தயக்கம்கூட இருக்காது. ‘அப்படியென்ன அவநம்பிக்கை?’ என்ற ஒரே கேள்வியில் பேச்சு முடிந்துபோகும். குடும்பம் உடைந்தால் கணக்குப் பார்க்கலாம், நடந்துகொண்டிருக்கும்போது பார்க்கக் கூடாது என்பதுதான் இரண்டு பதிலுக்குள்ளும் இருக்கிற எண்ணம். தலைகீழான எண்ணம் இது. ஒருவர் மேல் ஒருவருக்கு நல்லெண்ணம் இருக்கும்போதுதான் கணக்கு நேர்மையாக வரும். மணமான பிறகு எழுதும் சொத்து உடன்பாட்டுக்கு நம் சட்டத்தில் இருக்கும் தடை பலரும் நினைப்பதைவிடச் சிறியது. அதன் தேவையோ பலரும் நினைப்பதைவிடப் பெரியது.

தடையின் கதையில் இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டு. அங்கே பாசனத் துறை இயக்குநராக இருந்த பால்ஃபர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1915இல் மனைவியோடு விடுப்பில் இங்கிலாந்து போனார். மனைவிக்கு மூட்டுவாதம். இலங்கைத் தட்பவெப்பம் உடம்புக்கு ஆகாது, இங்கேயே இருங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். 1916இல் தனியாகக் கப்பலேறும் முன் மாதம் 30 பவுண்டு அனுப்புவதாகக் கணவர் வாக்குக் கொடுத்தார். பிறகு உறவு கசந்தது, பணம் நின்றது, மனைவி வழக்குப் போட்டார். 1919இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கணவர் பக்கம் தீர்ப்பளித்தது. தம்பதிக்குள் நடக்கும் இத்தகைய ஏற்பாடுகளில் சட்டக் கடப்பாடு உண்டாக்கும் எண்ணமே இருவருக்கும் இருப்பதில்லை என்றார் நீதிபதி அட்கின். இவற்றையெல்லாம் விசாரிக்கப் புகுந்தால் சிறு நீதிமன்றங்களை நூறு மடங்கு பெருக்க வேண்டியிருக்கும் என்ற கவலையும் அவருக்கு இருந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 1970இல், அதே நாட்டில் இன்னொரு மனைவி ஜெயித்தார். அவருடைய கணவர் வேறொரு பெண்ணோடு போய்விட்டவர். பேச வந்தவரைக் காரிலேயே உட்காரவைத்து, வீட்டுக்கடன் முடிந்ததும் வீட்டை என் பெயருக்கு மாற்றித் தருவதாக எழுதிக் கொடு என்று ஒரு துண்டுத் தாளில் கையெழுத்து வாங்கினார். அந்தத் தாள் செல்லும் என்றது நீதிமன்றம். அன்பு இருந்தபோது கொடுத்த வாக்கு செல்லாது, அன்பு போன பிறகு வாங்கிய கையெழுத்து செல்லும். முதல் பத்தியில் சொன்ன அதே தலைகீழ் நியாயம்தான்.

நம்மூர்த் தீர்ப்புகள் வேறு வழியாக வந்து அதே இடத்தில் நின்றன. சட்டக் கல்லூரியில் எல்லோரும் படிக்கிற கல்கத்தா வழக்கு ஒன்று உண்டு, 1900இல் தீர்ப்பானது. ஓயாத சண்டைக்குப் பிறகு கணவர் ஒரு பத்திரம் எழுதிப் பதிவு செய்தார்: மனைவி தனியே வசிக்கலாம், செலவுக்கு இவ்வளவு தருவேன் என்று. ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு பிரதிபலன் இல்லாத வாக்கையும் ஏற்கும். நெருங்கிய உறவு, இயல்பான அன்பும் பாசமும், எழுத்து, பதிவு இந்த நான்கும் இருந்தால் போதும். இங்கே உறவு இருந்தது, எழுத்து இருந்தது, பதிவும் இருந்தது. அன்பு எங்கே என்று கேட்டது நீதிமன்றம். பத்திரத்தின் முன்னுரையே சண்டை சச்சரவைத்தானே சொல்கிறது! மனைவிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 1911இல் சென்னை உயர் நீதிமன்றம், பிற்காலத்தில் பிரிந்தால் இன்ன தொகை என்று கணவன் மனைவி செய்துகொண்ட உடன்பாடு இந்து சட்டத்துக்கும் பொதுக் கொள்கைக்கும் விரோதமானது என்றது. அறுபதுகளிலும் அதே நீதிமன்றம் அந்தப் பாதையில்தான் போனது. இவற்றைக் கூர்ந்து படித்தால் ஒன்று தெரியும். நீதிமன்றங்கள் வெட்டியது பிரிவுக்கு விலை வைக்கும் உடன்பாடுகளை. சேர்ந்து வாழும் இருவர், இந்த வீட்டில் யாருக்கு எவ்வளவு, இந்த நகை யாருடையது, இந்தக் கடனை யார் அடைப்பது என்று எழுதிக்கொள்வதை இந்தத் தீர்ப்புகள் தொடவே இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டது நாம்தான்.

பிரிவைப் பற்றிய உடன்பாடுகளை ஏன் வெட்டினார்கள் என்பதையும் பார்த்துவிட வேண்டும். சேர்ந்து வாழ்வது கணவன் மனைவி இருவரின் சட்டக் கடமை, அதைக் கலைக்கத் தூண்டும் எந்த எழுத்தும் ஆகாது என்பதுதான் அடிப்படை. ஐல் ஆஃப் மேன் தீவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2008இல் லண்டன் பிரிவி கவுன்சில் இந்த அடிப்படையையே உரசிப் பார்த்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹேல். சேர்ந்து வாழும்படி யாரையும் நீதிமன்றம் கட்டாயப்படுத்தும் காலம் போய்விட்டது. அந்தக் கடமையே அமல்படுத்த முடியாததான பிறகு அதன்மேல் கட்டிய தடை மட்டும் எதற்கு என்று கேட்டு, மணமான பின் எழுதிய உடன்பாடு செல்லும் என்றார். சூழ்நிலை மாறியிருந்தால் நீதிமன்றம் அதைத் திருத்தலாம் என்ற கதவையும் திறந்தே வைத்தார். நம் நாட்டில் அந்தக் கடமை இன்னும் ஏட்டில் இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்கீழ், பிரிந்துபோன துணை திரும்பி வந்து சேர்ந்து வாழ வேண்டும் என்று ஆணை வாங்கலாம். ஆந்திர உயர் நீதிமன்றம் 1983இல் அந்தப் பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரண் என்றது. உச்ச நீதிமன்றம் 1984இல் அந்தக் கருத்தை நிராகரித்தது. ஆக, ‘நாளை பிரிந்தால்’ என்று தொடங்கும் பத்திரத்துக்கு இங்கே ஆபத்து இருக்கிறது. ‘இன்று இருக்கும் நிலை இது’ என்று தொடங்கும் பத்திரத்துக்கு அந்த ஆபத்து இல்லை.

தேவை எங்கே இருக்கிறது? கோடீஸ்வரர் வீட்டில் என்றுதான் பொதுவாக நினைப்போம். ஆனால் நடுத்தரக் குடும்பத்தின் பீரோவைத் திறந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். மனை, மாமனார் மகளுக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தது. பட்டா அவள் பெயரில். அதில் வீடு கட்டியது வங்கிக் கடனில். இருவரும் கூட்டுக் கடன்தாரர்கள், தவணை போவது கணவரின் சம்பளக் கணக்கிலிருந்து. கூரை போட்ட மாதத்தில் பணம் முட்டியதால் அவளுடைய நகை அடகுக்குப் போயிருக்கும். அடகு ரசீதில் எத்தனை உருப்படி, மொத்த எடை எவ்வளவு, கல் கழித்து நிகர எடை எவ்வளவு, வட்டி என்ன எல்லாம் இருக்கும். அடகு வைத்தவர் பெயர் கணவர் பெயர். நகை யாருடையது என்று சொல்ல அதில் இடமே இல்லை. இந்த வீடு யாருடையது? மனை அவளுடையது, கட்டடம் தன்னுடையது என்பார் கணவர். நகை போன வழி என்ன என்பாள் மனைவி. இந்திய சட்டத்தில், கோவாவை விட்டுவிட்டால், மணவாழ்வில் சேர்ந்து சேர்த்த சொத்து என்ற பகுப்பே கிடையாது. பத்திரத்தில் யார் பெயரோ அவர் சொத்து. இருவர் பெயரில் வாங்கினால் சொத்து மாற்றுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு போட்ட பணத்தின் விகிதத்தில் பங்கு தருகிறது; விகிதத்துக்கு ஆதாரம் இல்லையென்றால் சமபங்கு. பணம் போடாமல் வீட்டைப் பார்த்துக்கொண்டவருக்கு அந்தக் கணக்கில் இடம் இல்லை.

அந்த உழைப்பு எவ்வளவு என்பதற்கு அரசாங்கத்தின் கணக்கே இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார். ஆண் 88 நிமிடம். இந்த உழைப்புக்குச் சொத்தில் பங்கு உண்டா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்துக்கு 2023 ஜூனில் வந்தது. கணவர் 1983 முதல் 1994 வரை சவூதியில் வேலை பார்த்தார். மனைவி ஊரில் இருந்து பிள்ளைகளை வளர்த்து, அவர் அனுப்பிய பணத்தில் சொத்து வாங்கினார். சொத்து யாருக்கு என்ற சண்டை நீதிமன்றம் போயிற்று. கணவர் உயிரோடு இருந்தபோது முடியவில்லை. வழக்கைப் பிள்ளைகள் தொடர்ந்தார்கள். வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியும் சொத்துச் சேர்ப்பதில் சமமாகப் பங்களித்தவர்தான், அதனால் பாதிப் பங்கு உண்டு என்றார் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி. மனைவியின் பங்களிப்பை அங்கீகரிக்கும் சட்டம் இல்லாவிட்டாலும் அங்கீகரிக்கக் கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லை என்பது அவர் எடுத்த நிலை. வரவேற்க வேண்டிய தீர்ப்பு. ஆனால் ஒரு குடும்பம் தன் பாதியைத் தெரிந்துகொள்ள, சவூதியிலிருந்து திரும்பி முப்பது வருடம் ஆகப்போகும்வரை காத்திருக்க வேண்டுமா? பணம் வந்துகொண்டிருந்த அந்தப் பதினொரு வருடத்தில் எப்போதாவது, ‘இந்தப் பணத்தில் வாங்குவது இருவருக்கும் சரிபாதி’ என்று நாலு வரி எழுதிப் பதிவு செய்திருந்தால் வழக்கே வந்திருக்காது.

நகைக்கும் இதே கதை. கேரளத்தில் 2003இல் மணம் முடித்த ஒரு பெண், முதல் இரவிலேயே தன்னுடைய 89 பவுன் நகையைப் பத்திரமாக வைப்பதாகச் சொல்லிக் கணவர் வாங்கித் தன் தாயிடம் கொடுத்துவிட்டார் என்று வழக்குப் போட்டார். குடும்ப நீதிமன்றத்தில் ஜெயித்தார், உயர் நீதிமன்றத்தில் தோற்றார். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சீதனம் மனைவியின் முழுச் சொத்து, நெருக்கடியில் கணவர் எடுத்துப் பயன்படுத்தினால்கூடத் திருப்பித் தருவது கடமை என்று சொல்லி 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. சட்டத்தில் சந்தேகமே இல்லை. 1985லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. வருடங்கள் கரைந்தது சட்டத்தைத் தேடி இல்லை. கொடுத்தாளா, எவ்வளவு, யாரிடம் என்ற சாட்சியத்தைத் தேடி.

இதற்கான கருவிகள் எல்லாமே சட்டத்தில் சிதறிக் கிடக்கின்றன. தமிழ்நாட்டில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் கணவர் மனைவிக்கோ மனைவி கணவருக்கோ செட்டில்மென்ட் எழுதலாம். குடும்ப உறுப்பினர்களுக்குள் என்பதால், 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும், முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்ச வரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணத்துக்கு வரம்பு 10,000. 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம் இன்னும் அழகான ஏற்பாடு. அதன் 6ஆம் பிரிவின்படி மனைவி, பிள்ளைகள் நலனுக்கு என்று கணவர் எடுக்கும் ஆயுள் காப்பீட்டு பாலிசி ஓர் அறக்கட்டளை ஆகிவிடும். கணவரின் கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. இந்த வசதி மற்ற மாகாணங்களின் இந்து, முஸ்லிம் குடும்பங்களுக்கு 1923இல்தான் வந்தது; சென்னை மாகாணத்தில் 1913 முடிவிலேயே வந்துவிட்டது. முஸ்லிம் தனிச்சட்டத்திலோ கணவர் மனைவிக்குத் தர வேண்டிய மணக்கொடையான மஹரை மணத்துக்குப் பிறகும் நிர்ணயிக்கலாம், கணவர் விரும்பினால் கூட்டலாம். வருமான வரிச் சட்டம் இருக்கிறதே, அது தனி வேடிக்கை. மனைவிக்குச் சும்மா எழுதி வைத்த சொத்திலிருந்து வரும் வருமானத்தைக் கணவரின் கணக்கில்தான் சேர்க்க வேண்டும் என்று சொல்லி வந்தது 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஆம் பிரிவு. ஒரு விதிவிலக்கு உண்டு: பிரிந்து வாழ்வதற்கான உடன்பாட்டின் பேரில் கொடுத்திருந்தால் சேர்க்க வேண்டாம். நீதிமன்றங்கள் செல்லாது என்று ஒதுக்கிய அதே வகை உடன்பாட்டுக்கு வரித்துறை சலுகை தருகிறது!

உடன்பாடு என்றாலே விவாகரத்து நினைவுக்கு வருவதும் இந்தத் தயக்கத்துக்கு ஒரு காரணம். நம் நாட்டில் பெரும்பாலான மணவாழ்வு முடிவது மரணத்தில்தான்; சொத்துக் குழப்பம் வெடிப்பதும் பெரும்பாலும் அப்போதுதான். நாமினி போட்டிருக்கிறோம், கவலையில்லை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆயுள் காப்பீட்டில் நாமினி பணத்தை வாங்கும் கைதான், உரிமை வாரிசுகளுக்கே என்று உச்ச நீதிமன்றம் 1984இல் சொன்னது; 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு துணையையோ பெற்றோரையோ பிள்ளையையோ நாமினியாகப் போட்டிருந்தால் அந்த நிலை அப்படியே பொருந்தாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு இன்னும் கொடுமை. உயில் எழுதாமல், பிள்ளையும் கணவனும் இல்லாமல் ஒரு பெண் இறந்தால் அவள் சொந்தமாகச் சம்பாதித்த சொத்து முதலில் கணவனின் வாரிசுகளுக்குப் போகும்; பெற்ற தாய் தகப்பன் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். மணமாகி மூன்றே மாதத்தில் கணவரை இழந்து, புகுந்த வீட்டாரால் வெளியேற்றப்பட்டு, தாய் வீட்டில் படித்து வேலைக்குப் போய்ச் சேர்த்த ஒரு பெண்ணின் பணத்தை, அதே புகுந்த வீட்டாரின் வாரிசுகளுக்கே 2009இல் உச்ச நீதிமன்றம் கொடுக்க வேண்டியதாயிற்று. அனுதாபம் தீர்ப்பாகாது என்பது சட்டத்தின் நிலை. ஆகவே தம்பதியின் சொத்து உடன்பாடு என்பது உயில், நாமினி, கூட்டுப் பெயர் எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்து ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்க்கும் வேலையும்தான்.

எழுதிக் கேட்டால் நம்பிக்கை போய்விடும் என்பார்கள். இந்த வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. கடைக்குக் கடன் வாங்கும்போது மனைவியை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்கிறது வங்கி. போட்டுவிட்டு வருகிறாள், யாரும் அவநம்பிக்கை என்று பேசுவதில்லை. கணவரின் கடனில் அவளை மாட்டிவிடும் கையெழுத்து குடும்பப் பொறுப்பு, கணவரின் சொத்தில் அவளுக்கு இடம் தரும் கையெழுத்து குடும்பத்தைக் கெடுக்கும் என்றால், இங்கே காப்பாற்றப்படுவது நம்பிக்கை இல்லை.

கனமான ஆட்சேபம் வேறு. மணத்துக்கு முன் பேரம் பேசினால் பெண் ‘வேண்டாம்’ என்று எழுந்து போகலாம். மணமாகி, வேலையை விட்டு, குழந்தையும் பிறந்த பிறகு ‘இதில் கையெழுத்துப் போடு’ என்று நீட்டினால் அவள் எங்கே போவாள்? உடன்பாடு பலசாலியின் ஆயுதமாகிவிடும் என்கிறார்கள் பெண்ணுரிமையாளர்கள். இது உண்மை, இதை மழுப்பக் கூடாது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில உச்ச நீதிமன்றம் 2011இல் இதை நேராக எதிர்கொண்டது. கார் கழுவும் தொழில் நடத்திய கணவர். 1977இல் மனைவியோடு எழுதி, பிறகு சில முறை திருத்திய உடன்பாடு. ஜீவனாம்சம் கிடையாது, தொழிலில் பங்கு கிடையாது, மொத்தமாக 75,000 டாலர் என்று அதன் கடைசித் திருத்தம் 1989இல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மகன் பிறந்தான், தொழிலின் நிலையும் மாறியது. நீதிமன்றம் சொன்னது இரண்டு. மணமான பின் எழுதும் உடன்பாடு செல்லத்தக்கதுதான். ஆனால் மணத்துக்கு முன் எழுதுவதைவிடக் கடுமையாக அதைச் சோதிக்க வேண்டும், ஏனென்றால் துணையை நம்புகிறவர் அந்நியரிடம் காட்டும் எச்சரிக்கையைத் துணையிடம் காட்டுவதில்லை. எழுதிய நாளில் நியாயமாக இருந்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது, அமலுக்கு வரும் நாளிலும் அநியாயமாகிவிடக் கூடாது. அந்தச் சோதனையில் கார் கழுவும் தொழிலதிபரின் தாள் தோற்றது. ஓஹையோ மாநிலம் 2023 வரை மணமான பின் எழுதும் உடன்பாட்டையே தடை செய்திருந்து, அப்புறம்தான் நிபந்தனையோடு அனுமதித்தது.

முழுத் தடை பெண்ணைக் காப்பாற்றுமா என்பதற்கு ஜப்பானில் பதில் இருக்கிறது. தம்பதிக்குள் செய்த எந்த ஒப்பந்தத்தையும் மணவாழ்வு நடக்கும்போது இருவரில் ஒருவர் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்றது அந்நாட்டுச் சிவில் சட்டத்தின் 754ஆம் பிரிவு. வற்புறுத்தி வாங்கிய வாக்கிலிருந்து தப்பிக்க இது வழி என்று நினைத்தார்கள். நடைமுறையில் மனைவிக்கு எழுதிக் கொடுத்ததைக் கணவர் திரும்பப் பெறவும் அதே வழி உதவியது. உறவு முறிந்த பின் இந்தப் பிரிவைப் பயன்படுத்த முடியாது என்று நீதிமன்றங்கள் சுருக்கிப் பார்த்தன. கடைசியில் 2024ஆம் ஆண்டுத் திருத்தம் பிரிவையே நீக்கிவிட்டது. நமக்கு வேண்டியது தடையைவிடக் கட்டுப்பாடு. அதற்கான பொருள்களும் கையில் இருக்கின்றன. நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் மற்றவரிடம் எழுதி வாங்கியிருந்தால், நல்லெண்ணத்தோடுதான் வாங்கினேன் என்று நிரூபிக்கும் சுமை வாங்கியவர் மேல் என்று 1872 சாட்சியச் சட்டத்தின் 111ஆம் பிரிவு காலம் காலமாகச் சொல்லி வந்தது. ஜீவனாம்ச வழக்குகளில் இருவரும் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் படிவமே வகுத்துக் கொடுத்தது. அதே படிவத்தை உடன்பாட்டோடு இணைப்பாக வைக்கச் சொல்லலாம். இருவருக்கும் தனித்தனி வக்கீல், மாதிரி வாசகம் தமிழில், சில வருடத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை, குழந்தை பிறந்தாலோ வேலை போனாலோ தானாக மறுபரிசீலனை. ஜீவனாம்சத்தையும் குழந்தையின் பராமரிப்பையும் யாரும் எழுதிக் கொடுத்துக் கைவிட முடியாது என்பது இப்போதே நீதிமன்றங்கள் கடைப்பிடிக்கும் விதி. அதைச் சட்ட வாசகமாக்கிவிட்டால் போதும். இன்னொன்று: இவ்வளவு பயப்படும் நாம், விவாகரத்து மேசையில் களைத்துப்போய், குழந்தையைப் பார்க்க விடுவாரோ மாட்டாரோ என்ற பயத்தில் பெண் போடும் கையெழுத்தைப் பற்றி இந்த அளவு கவலைப்படுவதில்லை. வற்புறுத்தல் அதிகம் நடக்கும் இடம் அது.

எல்லோருக்கும் பொருந்தும் சட்டமே போட்டுவிட்டால் தனித்தனிப் பத்திரம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான ஆசை. 1867ஆம் ஆண்டுப் போர்ச்சுகீசிய சிவில் சட்டம் இன்னும் நடக்கும் கோவாவில், வேறு ஏற்பாடு எழுதாதவரை சொத்து இருவருக்கும் பொது. யாழ்ப்பாணத்துத் தமிழர்களின் தேசவழமைச் சட்டத்தில், டச்சுக்காரர்கள் 1707இல் தொகுத்த காலத்திலிருந்தே, முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடிய தேட்டம் என்று பகுப்பு உண்டு. மணவாழ்வில் சேர்த்த தேட்டத்தில் மனைவிக்கும் பாதி. சென்னை நீதிபதி 2023இல் புதிதாகக் கண்டடைய வேண்டியிருந்தது, பாக் நீரிணைக்கு அந்தப்பக்கம் முந்நூறு வருடமாக ஏட்டில் இருக்கிறது. ஆனால் இரண்டிலும் ஓட்டை உண்டு. கோவாவில் மணத்துக்கு முன் எழுதியதை மணமான பின் மாற்ற முடியாது. முப்பது வருட வாழ்க்கை எப்படிப் போகும் என்று கல்யாணத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்! பிரான்சும் அப்படித்தான் இருந்தது. 1965இல் மாற்ற அனுமதித்து, 2019வரை படிப்படியாகத் தளர்த்தியது. யாழ்ப்பாணத்திலோ தன்னுடைய சொந்த அசையாச் சொத்தை விற்கவே மணமான பெண் கணவரின் சம்மதம் பெற வேண்டும். பொதுவிதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இருவர் தங்கள் நிலைக்கேற்ப மாற்றிக்கொள்ள ஒரு வழி தேவைப்படுகிறது. தவிர, பொதுவிதி எப்போது வரும்? கணவரின் அசையாச் சொத்தில் மனைவிக்கும் பங்கு தர வகை செய்த திருமணச் சட்டத் திருத்த மசோதா 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. 2014இல் மக்களவை கலைந்ததும் அதுவும் போயிற்று. அதற்குப் பிறகு எத்தனை வீட்டுக்கடன், எத்தனை அடகு ரசீது!

கடைசியாகக் கடன்காரர்கள். தொழில் நொடிக்கப்போகிறது என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் மனைவி பெயருக்கு மாற்றிவிட்டுக் கையை விரிப்பவர்கள் இருக்கிறார்கள். உடன்பாடு அவர்களுக்கு இன்னொரு மறைவிடம் ஆகாதா என்று வங்கிகள் கேட்கும். கடன்காரரை ஏமாற்றும் நோக்கத்தில் செய்த மாற்றத்தை அவர் கேட்டால் ரத்து செய்யலாம் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 53ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. எந்தத் தேதியில், எந்தக் கடன்கள் பாக்கி இருந்தபோது எழுதினார்கள் என்று முழுக் கணக்கோடு பதிவான உடன்பாடு, அவசர அவசரமாக எழுதிய செட்டில்மென்டைவிட வங்கிக்கு நல்லதே செய்யும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் அதுவும் அதில் வந்துவிடும்.